சைக்கிளை விட்டு இறங்கியோர்

ஒரு வாகனத்தின் நன்மை தீமைகளை அதனைச் செலுத்துவோரிடமே கேட்டறிய வேண்டுமென்பது பொது நியாயம். ஆனால் சைக்கிள் என்னும் துவிச்சக்கர வண்டியைப் பொறுத்தமட்டில், அதன் வாழ்வையும் தாழ்வையும் தீர்மானிப்போர் பெரும்பாலும் அதில் ஏறாதவர்களாகவே இருக்கின்றனர். வீதியின் அகலத்தை வரைபடத்தில் குறிக்கும் பொறியியலாளர், அவ்வீதியில் பஸ்ஸையும் டிப்பரையும் ஓட்டிச் செல்லும் சாரதி, மகளை ரியூசன் வகுப்புக்கு அனுப்புவதா நிறுத்துவதா என்று யோசிக்கும் தாய், பார்க்க வந்த மாப்பிள்ளை எதில் வந்து இறங்கினார் என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் அயலவர் ஆகிய இவர்களுள் அன்றாடம் பெடல் மிதிப்பவர் அரிது. எனினும் மிதிப்பவர் எங்கே செல்லலாம், எந்நேரத்தில் செல்லலாம், சென்றால் என்ன மதிப்பைப் பெறுவார் என்பன யாவும் இவர்களுடைய மனத்திலேயே முடிவாகின்றன. ஆகையால் சைக்கிள் ஓட்டாதவர்கள் அதைப் பற்றியும் அதன் பாதுகாப்பைப் பற்றியும் கொண்டுள்ள அபிப்பிராயம் தனியே ஆராயத்தக்க ஒரு பொருளாகிறது. மேலை நாடுகளில் இத்துறையில் நிறைய எழுதப்பட்டுள்ளது. அவற்றின் முடிபுகளை மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபாகத்துக்குக் கொணர்ந்து, மாங்கேணியில் நிறுத்தி, அவை அங்கே செல்லுபடியாகின்றனவா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாங்கேணி, கோறளைப்பற்று வடக்குப் பிரிவில், வாழைச்சேனைக்கு வடக்கே, மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் ஏ-15 நெடுஞ்சாலையின்மேல் அமைந்த கிராமம். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பும் பற்றைக்காடும் மரமுந்திரிகைத் தோட்டங்களும், மீன்பிடியும் கால்நடையும் பிரதான ஜீவனோபாயம். தெற்கே காயான்கேணி; வடக்கே பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி, அதற்கப்பால் வெருகல். இவ்வமைப்பில் நம் விஷயத்துக்கு முக்கியமான ஓர் அம்சம் உண்டு. பட்டணத்தில் சைக்கிளில் செல்பவர் பெருவீதியை வெறுத்தால் ஒழுங்கைகளின் வழியாகச் சுற்றிப் போய்விடலாம். நீருக்கும் நீருக்கும் இடையே நீண்டு கிடக்கும் இப்பகுதியிலோ, ஊருக்குள் கிரவல் வீதிகளும் மணல் வழிகளும் இருப்பினும், ஊர்விட்டு ஊர் செல்வதற்கு நெடுஞ்சாலை ஒன்றே கதி. சந்தைக்குப் போவோரும், வங்கிக்குப் போவோரும், மீன் பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு போவோரும், தூர இடங்களை நோக்கி விரையும் பஸ்களோடும் லொறிகளோடும் அந்த ஒரே தாரைப் பங்கிட்டுக்கொள்ளத்தான் வேண்டும். எனவே இங்கே சைக்கிளைப் பற்றிய அச்சம் என்று பேசும்போது, ஒரு குறிப்பிட்ட வீதியைப் பற்றிய அச்சத்தையே பேசுகிறோம்.

இப்பொருள் பற்றி வெளிநாடுகளில் எழுந்தவற்றுள் அதிகமாய் எடுத்தாளப்படுவது, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் சைக்கிள் திட்டங்களுக்குப் பொறுப்பாயிருந்த றொஜர் கெல்லர் 2006-ஆம் ஆண்டளவில் வகுத்த பாகுபாடாகும். எந்த வீதியிலும் அஞ்சாது ஓட்டுவோர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. ஓரளவு வசதி செய்துகொடுத்தால் நம்பிக்கையோடு ஓட்டுவோர் நூற்றுக்கு 7 பேர். ஆசை இருந்தும் அச்சத்தினால் தயங்குவோர் 60 பேர். எக்காரணம் கொண்டும் ஏறமாட்டோம் என்போர் 33 பேர் என்று தம் நகரத்தவரை அவர் நான்காகப் பிரித்தார். அது முதலில் அனுபவத்திலிருந்து எழுந்த ஊகமே; பின்னர் 2013-இல் ஜெனிபர் டில், நேதன் மக்னீல் ஆகிய இருவரும் அதனைக் கருத்துக்கணிப்பின் வாயிலாகப் பரிசோதித்துப் பெருமளவுக்குப் பொருந்துவதாகவே கண்டனர். பிரித்தானியாவில் அரசாங்கம் நடத்தும் கணிப்புகளிலும், வீதியில் சைக்கிளோட்டுவது தமக்கு மிகவும் ஆபத்தானது என்று சொல்வோர் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினராய் இருந்து வருகின்றனர். பெண்களிடையே இத்தொகை இன்னும் கூடுதல். இவற்றிலிருந்து அந்நாட்டு அறிஞர்கள் பெற்ற முடிபு எளிமையானது: மக்கள் சைக்கிளை வெறுக்கவில்லை, அஞ்சுகிறார்கள், அச்சத்தைப் போக்கினால் ஏறிவிடுவார்கள்.

இம்முடிபை அப்படியே மாங்கேணிக்கு எடுத்துவர முடியாமற் செய்வது ஒரேயொரு வேறுபாடு. போர்ட்லண்டில் சைக்கிள் ஓட்டாதவர் என்றால், சிறுவயதில் வீட்டு முற்றத்தில் விளையாட்டாய் ஓட்டியதோடு அதனை மறந்து, காரிலேயே வளர்ந்து, காரிலேயே வேலைக்குப் போய் வருபவர். சைக்கிள் அவருக்கு அறியாத பொருள். இங்கே சைக்கிள் ஓட்டாதவர் என்றால், நேற்றுவரை ஓட்டியவர். பாரில் ஒரு பிள்ளையையும் கரியரில் மனைவியையும் வைத்து, முன்னால் ஒரு பையையும் தொங்கவிட்டு, எதிர்காற்றில் வாழைச்சேனை வரை மிதித்துப் போய் வந்தவர். அவருக்குச் சைக்கிளைப் பற்றி ஒருவரும் எதையும் புதிதாய்ச் சொல்லிக்கொடுக்க இயலாது. அவர் அதிலிருந்து இறங்கியவர். இறங்கியதற்குக் காரணங்கள் இருந்தன. அக்காரணங்களுள் அச்சம் ஒன்று மட்டுமே, அதுவும் பெரும்பாலும் இறங்கிய பின்னர் வந்து சேர்ந்த காரணம் என்பதே யான் கொண்ட கருத்து.

அவர் ஏறியதன் வரலாற்றையும் இறங்கியதன் வரலாற்றையும் சற்றே விரித்துப் பார்க்க வேண்டும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கிழக்கிலங்கைக் கிராமங்களில் ஒரு ரலி சைக்கிள் வைத்திருந்தவர் ஊரில் ஒரு புள்ளி. விதானையாரும், பள்ளிக்கூடத்து உபாத்தியாயரும், தபாற்காரரும், மருத்துவமாதுவும் சைக்கிளில் வந்தார்கள். அரசாங்கம் என்பதே சைக்கிளின்மேல் ஏறித்தான் ஊருக்குள் வந்தது என்றாலும் மிகையாகாது. திருகோணமலைக்குப் போகும் வழியில் ஆற்றுமுகங்களையும் களப்பு வாய்களையும் ‘பாதை’ என்னும் மிதவையிலேயே கடக்க வேண்டியிருந்த காலம் அது. லொறி தன் முறைக்காகக் கரையில் காத்து நிற்க, சைக்கிள்காரர் ஓரமாய் ஏறிக் கடந்துவிடுவார். உள்ளூராட்சி மன்றத்தில் வரி கட்டி இலக்கத் தகடு வாங்கிப் பூட்டிய சைக்கிள் ஒரு சொத்து. இரவலுக்குக் கேட்டால் யோசித்துக் கொடுக்கும் சொத்து.

பின்பு வந்த யுத்த காலம் சைக்கிளைச் சொத்து என்ற நிலையிலிருந்து நிர்ப்பந்தம் என்ற நிலைக்குக் கொணர்ந்தது. 1990-க்குப் பின்னர், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குள் எரிபொருள் செல்வது கடுமையாய் மட்டுப்படுத்தப்பட்டபோது, வடக்கிலும் கிழக்கிலும் மனிதரையும் நெல்லையும் விறகையும் நோயாளியையும் சுமந்தது சைக்கிளே. யாழ்ப்பாணத்தில் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் எழும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள் என்பது இன்றைய பிள்ளைகளுக்குக் கதைபோல் தோன்றும். படுவான்கரையிலும் வாகரையிலும் இதே நிலைமைதான். மாங்கேணி இராணுவத்தின் பக்கமும், பனிச்சங்கேணிக்கு அப்பாற்பட்ட வாகரைப் பிரதேசம் புலிகளின் பக்கமுமாய்ப் பிரிந்திருந்த காலத்தில், சோதனைச் சாவடியில் இறங்கி உருட்டிச் சென்று, பொதியை அவிழ்த்துக் காட்டி, மீண்டும் கட்டி ஏறுவது ஒரு நாளாந்தக் கிரியையாய் இருந்தது. 2006-இன் பிற்பகுதியிலும், வாகரை இராணுவத்தின் வசமான 2007 ஜனவரியிலும், அப்பிரதேசத்து மக்கள் காட்டு வழியாகவும் களப்பு வழியாகவும் வாழைச்சேனைப் பக்கம் ஓடிவந்தபோது, சைக்கிள் கொண்டுவர முடிந்தவர் பாக்கியசாலி. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு ஆழிப்பேரலை அள்ளிச் சென்ற வீடுகளுக்கு நிவாரணமாய் வந்தவற்றுள்ளும் சைக்கிள் ஒன்று. இவ்வாறாக ஒரு தலைமுறையின் ஞாபகத்தில் சைக்கிள் என்பது இடப்பெயர்வோடும் நிவாரணத்தோடும் பெற்றோல் இல்லாமையோடும் பின்னிக் கிடக்கிறது.

2009-இல் யுத்தம் முடிந்தது. அதே ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது, தொடர்ந்து வெருகலிலும் பிற துறைகளிலும் பாலங்கள் எழுந்தன, பாதைகள் ஓய்ந்தன, ஏ-15 வீதி ‘காப்பற் றோட்டு’ ஆயிற்று. அதன் பின்னே லீசிங் கம்பனிகள் வந்தன. சிறுதொகை முற்பணத்துக்கு மோட்டார் சைக்கிள் கையில் கிடைத்தது. மாதாந்தத் தவணை பின்னால் வந்தது. இன்று இலங்கையில் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 40 இலட்சத்துக்கு மேற்பட்டவை. இவ்விரு மாற்றங்களும் ஒன்றாய் நிகழ்ந்தமையைக் கவனிக்க வேண்டும். வீதி வேகமானதும், வேகமாய்ச் செல்லும் வாகனம் எளியவர் கைக்கு எட்டியதும் ஏககாலத்தில் நடந்தபடியால், சைக்கிளை விட்டவர், ‘வசதி வந்தது, இறங்கினேன்’ என்று சொல்வதற்குப் பதிலாக, ‘வீதி ஆபத்தானது, இறங்கினேன்’ என்று சொல்ல இடமுண்டாயிற்று. இரண்டாவது விடை பொய்யன்று. ஆனால் முதலாவதைவிட அது கண்ணியமாய் ஒலிக்கிறது.

பேச்சில் வெளிப்படும் முறைகளைப் பார்த்தால் இவ்விரண்டு இழைகளும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பது தெளிவாகும். “கவனமாப் போ மகள், பஸ் வந்தா இறங்கி ஓரமா நில்லு” என்று தாய் சொல்வதில் அச்சம் மட்டுமே உண்டு, வேறொன்றும் இல்லை. “மெயின் றோட்டில சைக்கிள்ள அனுப்ப ஏலாது” என்று தகப்பனார் சொல்வதில் அச்சத்தோடு, அனுப்ப வேறு வழி நம்மிடம் இருக்கிறது என்ற சிறு பெருமையும் கலந்திருக்கும். “இன்னும் சைக்கிள்லயா ஓடித் திரியிறாய்?” என்று பழைய வகுப்புத் தோழர் கேட்கும்போது அச்சம் முற்றாய் மறைந்து கௌரவம் மட்டுமே எஞ்சுகிறது, அக்கேள்வியின் ‘இன்னும்’ கேட்கப்பட்டவரைச் சுடும். நகரத்தில் ஒரு வைத்தியரோ வங்கி முகாமையாளரோ விலையுயர்ந்த சைக்கிளில் காலையில் தேகாப்பியாசத்துக்குப் போனால் அவரைப் பார்த்து எவரும் இக்கேள்வியைக் கேட்பதில்லை. அவர் போகும் வீதியும் அதே வீதிதான், அவரை உரசிச் செல்லும் பஸ்ஸும் அதே பஸ்தான். அபாயம் மாறவில்லை, அபிப்பிராயம் மாறிவிடுகிறது.

ஆயினும் அச்சத்தை வெறும் பாவனையென்று தள்ளிவிடுதல் அநியாயம். 2010-க்குப் பிற்பட்ட பத்தாண்டுகளின் பிற்பாதியில் இலங்கை வீதிகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். உலகெங்கும் ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் இறக்கும் 11.9 இலட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும் சைக்கிள்காரரும் மோட்டார் சைக்கிளில் செல்வோருமே என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. சராசரி வேகம் நூற்றுக்கு 1 கூடினால் உயிர்போகும் விபத்தின் வாய்ப்பு நூற்றுக்கு 4 கூடும் என்பதும் அதே நிறுவனத்தின் கணக்கு. குழியும் மணலுமாய்க் கிடந்த வீதியில் தட்டுத்தடுமாறி வந்த லொறி, காப்பற் வீதியில் எப்படி வரும் என்பதற்கு இதற்குமேல் வியாக்கியானம் வேண்டியதில்லை. இத்துடன் பிரதேசத்துக்கே உரிய அபாயங்களும் சேர்கின்றன. இரவில் தார்ச்சூட்டை நாடி நடுவீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, சைக்கிளுக்கென்று எஞ்சியிருக்கும் ஓரத்தில், அறுவடைக் காலத்தில் காயவிடப்படும் நெல். வாகரைப் பக்கத்தில் மாலையானால் வீதியைக் கடக்கும் யானைகள். லைற் இல்லாத சைக்கிளில், கறுப்புச் சாரம் உடுத்து, கடலிலிருந்து பின்னிரவில் திரும்பும் மீனவரை ஒரு சாரதி கடைசிக் கணத்திலேயே காண்கிறார் என்ற முறைப்பாட்டிலும் உண்மை உண்டு. டைனமோ லைற் ஒழிந்து வெகுகாலமாயிற்று. அதற்குப் பதிலாய் அநேகர் கையிலிருப்பது கைத்தொலைபேசியின் வெளிச்சம்.

ஆனால் இவ்வபாயங்களை வரிசைப்படுத்திப் பார்ப்பவர், அவற்றுள் யானையையும் மாட்டையும் நீக்கிவிட்டால் மற்றவை பிற வாகனங்களால் வருவனவே, சைக்கிளின் சுபாவத்திலிருந்து பிறப்பது ஒன்றுமே இல்லை என்பதைக் காண்பார். பஸ்ஸும் டிப்பரும் மோட்டார் சைக்கிளும் கொண்டுவரும் அபாயத்தை அவை வந்து மோதும் பொருளின்மேல் ஏற்றி, ‘சைக்கிள் ஆபத்தானது’ என்று சொல்லிவிடுகிறோம். அவ்வாறு சொல்பவர் செய்யும் மாற்று ஏற்பாட்டைப் பார்த்தால் விசித்திரம் இன்னும் கூடும். சைக்கிளில் அனுப்ப அஞ்சிய தகப்பனார், மோட்டார் சைக்கிளில் தாம் ஒருவர் மட்டும் தலைக்கவசம் அணிந்து, முன்னே ஒரு பிள்ளையும் பின்னே இரண்டு பிள்ளைகளுமாய், அதே நெடுஞ்சாலையில் மூன்று மடங்கு வேகத்தில் போகிறார். இலங்கையில் வீதியில் மாள்வோருள் பெருந்தொகையினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. இது அறிவீனம் என்று கேலி செய்யும் காரியமன்று. தாமே விரும்பி ஏற்கும் அபாயத்தை, பிறரால் சுமத்தப்படும் அபாயத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகமாய் மனிதர் பொறுத்துக்கொள்வர் என்று சோன்சி ஸ்டார் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1969-இலேயே வாதித்தார். எஞ்சின் தன் கையில் இருக்கும்போது விதியும் தன் கையில் இருப்பதாய்த் தோன்றுகிறது. சைக்கிளில் இருக்கும்போதோ முதுகுக்குப் பின்னால் வரும் இரைச்சலின் கையில் இருக்கிறது.

அச்சத்துக்கு மருந்தாகச் சிலர் கணக்கை எடுத்து நீட்டுவதுண்டு. 2010-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட கணிப்பின்படி, காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறும் ஒருவர் தேகப்பயிற்சியினால் சராசரியாக 3 முதல் 14 மாதங்கள் வரை ஆயுளைப் பெறுகிறார்; விபத்தினால் இழப்பது 5 முதல் 9 நாட்களே; அசுத்தக் காற்றினால் இழப்பது ஏறக்குறைய 1 நாளிலிருந்து 40 நாட்கள் வரை. கணக்குச் சரி. ஆனால் அது நெதர்லாந்து வீதிகளில் போட்ட கணக்கு. மேலும், சராசரி ஆயுளைப் பற்றிய இத்தகைய சமாதானம், பள்ளிக்கூடம் விட்டு இன்னும் வராத ஒரு பிள்ளைக்காகக் கடப்படியில் நிற்கும் தாய்க்கு ஒருநாளும் எடுபடாது. எடுபட வேண்டுமென்று எதிர்பார்ப்பதும் சரியன்று.

இனிச் சாரதிகளுடைய மனோபாவம். இதில்தான் வெளிநாட்டு ஆய்வுகள் நம்மைத் திடுக்கிட வைக்கின்றன. அவுஸ்திரேலியாவில் அலெக்ஸா டெல்போஸ்க் முதலியோர் 442 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், குரங்கிலிருந்து மனிதன்வரை வளரும் உருவங்களைக் காட்டிச் சைக்கிள்காரர் எந்தப் படியில் நிற்கிறார் என்று கேட்டபோது, சைக்கிள் ஓட்டாதவருள் நூற்றுக்கு 55 பேர் அவரை முழுமனிதப் படிக்குக் கீழேயே வைத்தனர். ஓட்டுவோருள்ளும் 30 பேர் அவ்வாறே வைத்தனர் என்பது அதைவிட வேடிக்கை. அவ்வாறு கீழே வைத்தவர்களே வீதியில் சைக்கிள்காரரை வேண்டுமென்று நெருக்கவும் வழிமறிக்கவும் அதிகம் முற்பட்டவர்கள். பிரித்தானியாவில் இயன் வோக்கரும் தோழர்களும் 2023-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இதற்கு ஆழமான ஒரு காரணத்தைச் சுட்டுகிறது. சனநெருக்கமான இடத்தில் பிறர் சுவாசிக்கும்படி சிகரெட் புகைக்கக் கூடாது என்று கூறியவர் நூற்றுக்கு 75 பேர். அதே வாக்கியத்தில் சிகரெட்டை எடுத்துவிட்டுக் காரை வைத்தபோது, கூடாது என்றவர் 17 பேர் மட்டுமே. மோட்டார் வாகனம் செய்யும் தீங்கு என்று வரும்போது, மற்ற எந்தத் தீங்குக்கும் காட்டாத தாட்சண்ணியத்தை மனித மனம் காட்டிவிடுகிறது.

இத்தாட்சண்ணியத்தை எம்மூரிலும் தாராளமாய்க் காணலாம். ஒரு விபத்து நேர்ந்ததும் கூடும் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, சைக்கிள்காரர் எப்படி வந்தார் என்பது. பஸ் என்ன வேகத்தில் வந்தது என்பது இரண்டாவது கேள்வி, அதுவும் பஸ் வெளியூர்ப் பஸ்ஸாய் இருந்தால். ‘சைக்கிள்காரனுக்குக் கண்ணில்லை’ என்ற வாக்கியம் தீர்ப்பாகவே வெளிவரும். லைற் இல்லை, டபிள் போகிறான் என்று சைக்கிளை மறித்து நிறுத்தித் தண்டித்த பழைய பொலிஸ் வழக்கமும் இம்மனோபாவத்துக்கு உரமிட்டிருக்கலாம். தலைமுறை தலைமுறையாய் வீதியில் குற்றவாளியாய் நிறுத்தப்பட்டவர் யாரோ, அவரையே கண்கள் முதலில் தேடும். ஆனால் அவுஸ்திரேலிய முடிபிலிருந்து இங்கே ஒரு வித்தியாசம் தோன்றுகிறது. சைக்கிளோட்டிய அனுபவமுள்ள சாரதி சைக்கிள்காரரிடம் இரக்கம் காட்டுவார் என்பது அந்நாட்டு அறிஞர் பலரின் நம்பிக்கை. எல்லாச் சாரதிகளையும் ஒரு மாதம் சைக்கிளில் ஏற்றிவிட்டால் போதுமென்பாரும் உளர். வாழைச்சேனை வழியாய் ஓடும் பஸ்களின் சாரதிகளில் சைக்கிளோட்டி வளராதவர் ஒருவர்தானும் இருப்பாரா? இருந்தும் ஹோர்ன் அடித்துச் சைக்கிளை மண்ணுக்குள் இறக்கிவிட்டுப் போகும் வழக்கம் இருக்கிறது. மற்றொரு பஸ்ஸுக்கு முன்னே ஓடிப் பிரயாணிகளை அள்ளினால்தான் அன்றைய வரும்படி என்ற ஏற்பாட்டில் ஒருவரை அமர்த்திவிட்டு, அவருடைய பால்ய ஞாபகங்கள் பிரேக்கை அழுத்தும் என்று எதிர்பார்த்தல் வீண். அனுபவம் இருக்கிறது, அவகாசம் இல்லை.

பெண்கள் சைக்கிளோட்டுவதைப் பற்றி ஓட்டாதவர் கொண்ட அபிப்பிராயம் தனியொரு சரித்திரம். 1890-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் சைக்கிளில் ஏறியபோது, சமநிலை காக்கும் பிரயாசையால் அவர்களுடைய முகம் நிரந்தரமாய்க் கோணிவிடும் என்று வைத்தியர்களே எச்சரித்து, அதற்குச் ‘சைக்கிள் முகம்’ என்று பெயரும் சூட்டினார்கள். பாதுகாப்பின் பெயரால் சொல்லப்பட்டது பாதுகாப்பைப் பற்றியதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் தேவையில்லை. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்பித்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். தொடக்கத்தில் அவர்களை நோக்கி வீசப்பட்ட ஆபாச வார்த்தைகளையும் அவர் மறைக்கவில்லை. கல் உடைக்கும் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளரும் பூ விற்பவரும் சாரி சாரியாய் வீதிக்கு வந்த பின்னர் அவ்வார்த்தைகள் தாமே அடங்கின. பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வழங்கிய திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், பெண்பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது நூற்றுக்கு 32 கூடியதாகக் கண்டனர்.

மட்டக்களப்புப் பக்கத்தில் பெண்கள் சைக்கிளேறும் இப்போராட்டத்தை யாரும் பிரகடனம் செய்து நடத்தவில்லை. ஆண்கள் பலர் இல்லாத வீடுகளில், சோதனைச் சாவடிகளை ஆண்களைவிடப் பெண்கள் சற்றே சுலபமாய்க் கடக்க முடிந்த ஒரு காலத்தில், பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். பிறகு இறங்கச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாய் மாணவிகள் கூட்டமாய்ச் சைக்கிளில் செல்வது இன்று மிகச் சாதாரணக் காட்சி. ஆனால் அந்த மாணவி ஆசிரியையாகவோ கிராம மட்ட உத்தியோகத்தராகவோ ஆனதும் ஸ்கூட்டி ஒன்று எடுத்தாக வேண்டும் என்று வீடும் அயலும் எதிர்பார்க்கின்றன. பள்ளிப் பருவத்தில் அனுமதிக்கப்பட்ட அபாயம் சம்பளம் வந்ததும் அனுமதிக்கப்படாததாகிவிடுவதை வீதியின் நிலை கொண்டு விளக்க முடியாது.

இவ்வளவும் வாதம் என்று கொள்பவர்க்கு, 2022-ஆம் ஆண்டு ஒரு பரிசோதனையைக் கேளாமலே நடத்திக் காட்டியது. டொலர் தட்டுப்பாட்டினால் எரிபொருள் வரவு குன்றி, பெற்றோல் நிலையங்களின் முன்னே கிலோமீற்றர்க் கணக்கில் வரிசைகள் நீண்டு, ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்து ஒழுங்காகும்வரை, நாடெங்கும் வீதிகள் வெறிச்சோடிக் கிடந்தன. வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த லுமாலாச் சைக்கிள்கள் வெளியே வந்தன. ரியூபும் வால்கட்டையும் கிராக்கியாயின. புதுச் சைக்கிளின் விலை, இறக்குமதிக் கட்டுப்பாட்டினாலும் ரூபாவின் வீழ்ச்சியினாலும், சாமானியர் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அந்த மாதங்களில் சைக்கிள் ஆபத்தானது என்று எவரும் சொல்லக் கேட்கவில்லை. ஆபத்தைக் கொண்டுவந்த வாகனங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. எனினும், இப்பரிசோதனையைக் கொண்டு எனது பக்கத்தை முழுவதும் நிரூபித்துவிட்டேன் என்று சொல்வதற்கில்லை. ஏனெனில் அதே மாதங்களில் அதிபரும் எழுதுவினைஞரும் கடைக்காரரும் எல்லோரும் சைக்கிளில் போனபடியால், அச்சத்தோடு வெட்கமும் கூடவே மறைந்திருந்தது. இரண்டில் எது முதலில் போயிற்று என்பதை அந்த அனுபவத்திலிருந்து பிரித்தெடுக்க முடியாது. எரிபொருள் வந்ததும் இரண்டும் சேர்ந்தே திரும்பிவிட்டன.

ஓட்டுவோர் பெருகினால் ஒவ்வொருவருக்கும் உரிய அபாயம் குறையும் என்பது பீற்றர் ஜேக்கப்சன் 2003-இல் பல நகரங்களின் புள்ளிவிவரங்களைக் கொண்டு நிறுவிய கருத்து. சைக்கிள்காரர் தொகை இருமடங்கானால் தனியொருவரின் அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தணியும் என்று அவர் கணக்கிட்டார். காரணம் எதுவாயினும், அதன் மறுதலையை மாங்கேணி அனுபவிக்கிறது: ஒவ்வொருவராய் இறங்க இறங்க, எஞ்சி ஓட்டுபவர் மேலும் தனித்தவராகிறார், அவருக்கு நேரும் விபத்து, இறங்கியவர்களுடைய அச்சத்தை மெய்ப்பிக்கிறது. இறங்கியவர்கள் தாம் அஞ்சும் ஆபத்தைத் தாமே பெருக்குகிறார்கள்; மோட்டார் சைக்கிளில் ஏறி அதே வீதிக்குத் திரும்பும்போது இரண்டாம் முறையும் பெருக்குகிறார்கள். டேவ் ஹோர்ட்டன் என்ற ஆங்கிலச் சமூகவியலாளர் 2007-இல் எழுதியதும் இங்கே நினைக்கத்தக்கது. தலைக்கவசம் அணி, ஒளிரும் அங்கி அணி என்று சைக்கிள்காரரை நோக்கியே செய்யப்படும் பாதுகாப்புப் பிரசாரங்கள், சைக்கிள் அபாயகரமானது என்ற எண்ணத்தைத்தான் ஆழப் பதிக்கின்றன என்று அவர் வாதித்தார். நான் அவரோடு முக்கால் பங்கு உடன்படுகிறேன்; லைற் விஷயத்தில் உடன்படவில்லை. மாங்கேணி இருட்டில் தத்துவம் வெளிச்சம் தராது.

நெதர்லாந்து இவ்வச்சத்தை வேறுவிதமாய்க் கையாண்டது. 1971-இல் அந்நாட்டு வீதிகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவர்களுள் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். மறு ஆண்டிலிருந்து பெற்றோர், ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற முழக்கத்தோடு வீதியில் இறங்கினார்கள். அவர்களுடைய அச்சமும் வாகரைத் தாயின் அச்சமும் ஒன்றே. அவர்கள் பிள்ளையைச் சைக்கிளிலிருந்து இறக்குவதற்குப் பதிலாய்க் காரின் வேகத்தைக் குறைக்கும்படி கேட்டார்கள்; அடுத்துவந்த எண்ணெய் நெருக்கடியும் அவர்களுக்குத் துணை நின்றது. நமக்கு 2022 அப்படி ஒரு துணையாய் வந்தும், அதைக் கடந்துபோகும் கஷ்டகாலமென்றே கொண்டோம்.

வசதி அமைந்தால் அபிப்பிராயம் எவ்வளவு விரைவில் மாறும் என்பதற்கு உதாரணம் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. கல்லடியில் 1924-இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தில், ஒருபக்க வாகனங்கள் காத்திருக்க மறுபக்க வாகனங்கள் செல்ல, இடையே சைக்கிளை நெருக்கிக்கொண்டு போன காலத்தை மட்டக்களப்பார் மறந்திருக்க மாட்டார்கள். 2013-இல் ஜப்பானிய உதவியோடு புதிய பாலம் பக்கத்திலேயே திறக்கப்பட்டதும், பாரவாகனங்கள் அங்கே போய்விட, பழையது நடப்போருக்கும் சிறு சக்கரங்களுக்கும் உரியதாய்த் தங்கிற்று. எவரும் சைக்கிள் பாதை அமைக்கத் திட்டமிடவில்லை. தற்செயலாய் ஒன்று கிடைத்தது. அதன்மேல் பிள்ளைகளைச் சைக்கிளில் விட அஞ்சும் பெற்றோரைக் காண்பது அரிது. பனிச்சங்கேணிப் பக்கத்திலோ பாலமும் அதன் அணுகுவீதியும் எல்லோருக்கும் ஒன்றே.

ஆதலால் இப்பிரதேசத்தில் இவ்விஷயத்தை முறையாய் ஆராயப் புகுவோர், போர்ட்லண்டின் நான்கு வகுப்புகளையும் எடுத்துவந்து, ‘சைக்கிளோட்ட அஞ்சுகிறீரா?’ என்று கேட்டால், ஆம் என்ற விடையே நிறையக் கிடைக்கும். அவ்விடையைக் கொண்டு எதுவும் செய்ய இயலாது. எந்த ஆண்டில் சைக்கிளை விட்டீர், அப்போது வீட்டுக்கு எது வந்தது, வீதி அப்போது எப்படி இருந்தது, அந்தச் சைக்கிள் இப்போது யாரிடம் இருக்கிறது என்று வரிசையாய்க் கேட்க வேண்டும்; பஸ் சாரதியிடம் வேகத்தைக் கேட்பதோடு அன்றைய வரும்படியையும் கேட்க வேண்டும்; நெல் காயவிடுபவரிடம் வேறெங்கே காயவிட இடமுண்டு என்று கேட்க வேண்டும். இவ்வேலைக்குத் தூரத்திலிருந்து ஆட்கள் வர வேண்டிய அவசியமும் இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில், இதே ஏ-15 வீதியின் கரையிலேயே இருக்கிறது. அதன் மாணவருள் பலர் வகுப்புக்கு வருவது சைக்கிளில்தான்.